விஎம்-க்கு பேண்ட்வித் எழுதலன்னா ஏஜென்ட் விழுது: நல் செக் மட்டும் போதுமா?

பெருங்குடி_இரவு | வெள்ளி, இரவு 11:52

வணக்கம். பெருங்குடில ஒரு சின்ன ஹோஸ்டிங் கம்பெனில நைட் ஷிஃப்ட் பாக்கறேன். ரெண்டு வாரத்துல ஒரே இடத்துல ரெண்டு தடவை அடி வாங்கியாச்சு. மூணாவது வாங்கறதுக்குள்ள இங்க கேட்டுடலாம்னு எழுதறேன்.

எங்க ஹோஸ்ட் (விஎம், அதாவது விர்ச்சுவல் மெஷின், ஓடற சர்வர்) எல்லாமே கேவிஎம், அதை நிர்வாகம் பண்ண லிப்வர்ட். அதுக்குப் பக்கத்துல எங்க ஆளுங்களே சி-ல எழுதின ஒரு ஏஜென்ட் ஓடுது. ஒவ்வொரு விஎம்-மோட நெட்வொர்க் கார்டுக்கும் எவ்ளோ வேகம் விடணும்னு கன்ஃபிக்ல பாத்து, அதோட டாப் டிவைஸ் (ஹோஸ்ட் பக்கம் இருக்கற அந்தக் கார்டோட மறுமுனை) மேல டிசி (லினக்ஸ்ல டிராஃபிக்கைக் கட்டுப்படுத்தற) கமாண்ட் போடறதுதான் அதோட வேலை. கோடு ஆபீஸ் சொத்து, ஒட்ட முடியாது. வாயாலயே சொல்றேன்.

லிப்வர்ட்ல இருக்கற மாதிரியே 'பேண்ட்வித்'னு ஒரு ஸ்ட்ரக்ட். அதுக்குள்ள ரெண்டு பாயிண்டர், ஒண்ணு இன், ஒண்ணு அவுட். ஒவ்வொண்ணும் காட்டற இடத்துல ஆவரேஜ் (சராசரி வேகம்), பீக் (உச்ச வேகம்), பர்ஸ்ட் (ஒரே மூச்சுல விடற அளவு).

முதல் அடி. ஒரு கஸ்டமர் வெளிய போற டிராஃபிக்குக்கு மட்டும் லிமிட் போதும்னு கேட்டார். கன்ஃபிக்ல இன்பவுண்ட் வரியே கிடையாது. ஸ்ட்ரக்ட் இருக்கு, உள்ள இருக்கற இன் பாயிண்டர் மட்டும் நல், அதாவது எதையும் காட்டல. எங்க கோடு வெளி ஸ்ட்ரக்ட் இருக்கான்னு பாத்துட்டு நேரா உள்ள போய் இன்-னோட ஆவரேஜைத் தொட்டுது. சிக்னல் 11, தொடக் கூடாத மெமரியைத் தொட்ட க்ராஷ். சர்வீஸ்களைப் பாத்துக்கற சிஸ்டம்டி எழுப்பி விட்டுது, அதே கன்ஃபிக்கைப் படிச்சு மறுபடி விழுந்துது. பத்து செகண்டுக்குள்ள அஞ்சு தடவை விழுந்ததும் சிஸ்டம்டியும் எழுப்பறத நிறுத்திடுச்சு. ஓடிட்டிருந்த விஎம் எதுவும் நிக்கல, விஎம்-மை ஓட்டற க்யூஎம்யூ தனி ப்ராசஸ்தானே. ஆனா அந்த ஹோஸ்ட்ல விடியற வரைக்கும் ஒரு புது விஎம் ஏத்த முடியல.

ரெண்டாவது அடிக்கு நான்தான் காரணம். 'இன் இல்லன்னா எல்லாத்தையும் பூஜ்யம்னு வெச்சுக்கோ'ன்னு ரெண்டு வரி சேத்தேன். க்ராஷ் போச்சு. மூணு நாள் கழிச்சு இன்னொரு கஸ்டமர் போர்ட்டல்ல போய் அவுட்பவுண்டை மட்டும் மாத்தினார். இன்பவுண்டுக்கு ஏற்கெனவே லிமிட் இருந்த விஎம் அது. எங்க ஏஜென்ட்ல பூஜ்யம்னா 'லிமிட்டை எடுத்துடு'ன்னு அர்த்தம். எடுத்துடுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த விஎம் ஒரு பெரிய பேக்கப்பை இழுக்க ஆரம்பிச்சுது. அந்த ரேக்கோட அப்லிங்க் (வெளி இணைப்பு) முழுக்க அதுக்கே போச்சு. க்ராஷ் ஆனப்போ அலாரமாவது அடிச்சுது. இந்தத் தடவை கஸ்டமர் ஃபோன் பண்ணித்தான் எங்களுக்கே தெரிஞ்சுது.

இப்ப மேனேஜர் கேக்கறார்: "நல் செக் எல்லா இடத்துலயும் போட்டாச்சா?" எனக்கு அது போதும்னு தோணல. ஏன் போதாதுன்னு தெளிவா சொல்லவும் தெரியல.

அம்பத்தூர்_ரேக் | வெள்ளி, இரவு 11:59

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. போர்ட்டல்ல இருந்து வந்த ரிக்வெஸ்ட்ல இன்பவுண்ட்னு ஒரு புலமே இல்லையா, இல்ல பூஜ்யம்னு வந்துதா?

பெருங்குடி_இரவு | சனி, அதிகாலை 12:03

புலமே இல்ல. லாக்ல பாத்துட்டேன்.

பழைய_சி | சனி, அதிகாலை 12:41

தம்பி, உங்கள் மேனேஜரின் கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது. உங்கள் ஏஜென்டில் 'இல்லை' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்?

என் கணக்கில் மூன்று. ஒன்று, 'இதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, இருப்பது இருக்கட்டும்'. இரண்டு, 'வரம்பு வேண்டாம், இருந்தாலும் எடுத்துவிடு'. மூன்று, 'எனக்கென்று தனி வரம்பு இல்லை, மேலே குழுவுக்கு என்ன போட்டிருக்கிறதோ அது எனக்கும்'. மெஸ்ஸில் சாப்பாடு சொல்லும்போது மோரைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது வேறு, 'மோர் வேண்டாம்' என்பது வேறு. முதல் ஆளுக்கு மோர் வரும். சப்ளையர் இரண்டு பேரையும் ஒரே மாதிரிக் குறித்துக்கொண்டால் யாராவது ஒருவர் கோபப்படத்தான் செய்வார்.

நீங்கள் இந்த மூன்றையும் ஒரே பூஜ்யத்துக்குள் அடைத்துவிட்டீர்கள். நல் செக் போட்டதால் க்ராஷ் நின்றது, சரி. ஆனால் க்ராஷ் ஆகாமல் தவறான வேலையைச் செய்யும் ப்ரோகிராம் அதைவிட மோசம். அது நீங்களே பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

லிப்வர்ட் இதை எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள், உங்கள் வேலை பாதியாகும். கார்டின் வேக வரம்பைப் பார்க்கவும் மாற்றவும் உள்ள டொம்இஃப்ட்யூன் கட்டளையை எந்த எண்ணும் கொடுக்காமல் ஓட்டினால் இப்போதைய அமைப்பைக் காட்டும். வரம்பே இல்லாத பக்கத்துக்குப் பூஜ்யம் என்று காட்டும். அதே கட்டளைக்கு ஆவரேஜ் பூஜ்யம் என்று கொடுத்தால் அந்தப் பக்கத்து வரம்பை நீக்கும். ஆகவே வெளியில் பூஜ்யம் என்றால் 'வரம்பு இல்லை', அவ்வளவுதான். ஆனால் உள்ளே, க்யூஎம்யூ டிரைவரில், இன்பவுண்ட் குறிப்பிடப்பட்டதா, அவுட்பவுண்ட் குறிப்பிடப்பட்டதா என்று இரண்டு தனி பூலியன்கள் (ஆம்/இல்லை மாறிகள்) இருக்கின்றன. குறிப்பிடாத பக்கத்துக்குப் பழைய மதிப்பை எடுத்து, புதியதோடு சேர்த்த பிறகுதான் டாப் டிவைஸைத் தொடுகிறது. காரணம், வரம்பை வைக்கும் அந்தச் சார்பு (ஃபங்ஷன்) முதலில் டிவைஸில் இருக்கும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் புதியதை எழுதும். சேர்க்காமல் கொடுத்தால் சொல்லாத பக்கம் காணாமல் போகும். உங்களுக்கு நடந்ததும் இதுவேதான்.

பெருங்குடி_இரவு | சனி, அதிகாலை 12:58

சார், அந்த ரெண்டு பூலியன்தான் எங்ககிட்ட இல்ல. 'கொடுத்தாங்களா'ன்னு நாங்க எங்கயுமே குறிச்சு வெக்கல. மதிப்பைப் பாத்தே ஊகிச்சிட்டிருந்தோம்.

தரமணி_மாணவி | சனி, காலை 7:20

மன்னிக்கணும், ஃபைனல் இயர் படிக்கறேன், ப்ராஜெக்ட்டுக்கு லிப்வர்ட் தொட்டிருக்கேன். ஒரு சந்தேகம். இல்லாததுக்கு மைனஸ் ஒண்ணுன்னு வெச்சா? பூஜ்யத்தோட குழம்பாதே?

பழைய_சி | சனி, காலை 8:05

நல்ல கேள்வி அம்மா. வேகத்தை எந்த டைப்பில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அன்சைன்டு, குறை எண்ணே வைக்க முடியாத டைப். 32 பிட் அன்சைன்டில் மைனஸ் ஒன்றைப் போட்டால் அது 4294967295 ஆகிவிடும். யாராவது ஓரிடத்தில் அந்த ஒப்பீட்டை மறந்தால், அலகு கிலோபைட் என்பதால் வினாடிக்கு ஏறத்தாழ 4 டெராபைட் என்று வரம்பு போய் விழும். வரம்பே இல்லாததற்குச் சமம், ஆனால் பட்டியலில் வரம்பு இருப்பதுபோலத் தெரியும். இன்னும் மோசம், அதை பிட் கணக்காக்க எட்டால் பெருக்கினால் 32 பிட்டுக்குள் சுற்றிக்கொண்டு வேறொரு எண்ணாக வந்து நிற்கும்.

மதிப்பு ஒரு பெட்டி, 'இருக்கிறதா' என்பது இன்னொரு பெட்டி. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் திணிக்காதீர்கள்.

மடிப்பாக்கம்_கோ | சனி, காலை 9:34

சி காரங்க மட்டும் இதுல மாட்டிக்கறாங்கன்னு யாரும் நெனச்சுட வேணாம். நான் கோ மொழில எழுதறவ. இன்டிஜர் புலமா வெச்சா எங்களுக்கு க்ராஷ் வராது, அதனாலயே கண்ணுக்குத் தெரியாம நடக்கும்.

கோ-ல ஒரு ஸ்ட்ரக்ட்ல இன்டிஜர் புலம் வெச்சு, ஜேசன்ல (தரவை அனுப்பற வடிவம்) அந்தப் புலம் வரலன்னா அது தானா பூஜ்யம் ஆயிடும். 'வரல'ங்கறதும் 'பூஜ்யம்னு வந்துது'ங்கறதும் அந்த நிமிஷமே ஒண்ணாயிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. இதுல தலைகீழா இன்னொரு குழி இருக்கு. அனுப்பற பக்கத்துல புலத்துக்கு 'ஆம்இட்எம்ப்டி' டேக் போட்டிருந்தா, நீங்க வேணும்னே பூஜ்யம் வெச்சு அனுப்பினாலும் ஜேசன்ல அந்தப் புலம் போகவே போகாது. கஸ்டமர் 'லிமிட்டை எடு'ன்னு பட்டனை அழுத்தறார், போர்ட்டல் பூஜ்யம் வெக்குது, ஒயர்ல எதுவும் போகல, ஏஜென்ட் 'ஒண்ணும் சொல்லல போல'ன்னு பழசையே வெச்சுக்குது. எங்க டீம்ல இதைக் கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு. ஏஜென்ட்டையே பொரட்டிப் பொரட்டிப் பாத்தோம். தப்பு அனுப்பற பக்கம் இருந்துது.

இன்டிஜருக்குப் பதிலா இன்டிஜருக்குப் பாயிண்டர் வெச்சா ரெண்டும் தெளிவா வரும். நில்-னா (கோ-ல நல்லுக்குப் பேர்) சொல்லல. பூஜ்யத்தைக் காட்டுச்சுன்னா எடுத்துடு.

பெருங்குடி, உங்க போர்ட்டல் எந்த மொழி?

பெருங்குடி_இரவு | சனி, காலை 9:50

அக்கா, போர்ட்டல் கோ-தான்! வயிறு கலங்குது. இப்பவே போய்ப் பாக்கறேன்.

பெருங்குடி_இரவு | சனி, காலை 10:26

பாத்துட்டேன். அதே டேக், அதே இடம். நான் ஏஜென்ட்டை மட்டும் சரி பண்ணி 'சொல்லலன்னா பழசையே வை'ன்னு மாத்தியிருந்தா, அதுக்கப்புறம் எந்தக் கஸ்டமராலயும் லிமிட்டை எடுக்கவே முடிஞ்சிருக்காது. ரொம்ப நன்றிக்கா.

அம்பத்தூர்_ரேக் | சனி, காலை 11:15

நான் நெட்வொர்க் பக்கம் நிக்கறவன். கோடு பத்தி சார் சொல்லிட்டார், டிசி பக்கம் என்ன ஆவும்னு நான் சொல்றேன்.

முதல்ல திசை. இன்பவுண்ட், அவுட்பவுண்ட் ரெண்டும் விஎம் கண்ணுல இருந்து பாக்கற பேர். ஹோஸ்ட்ல டாப் டிவைஸ் கண்ணுல அது அப்படியே திரும்பும். விஎம்-க்கு உள்ள வர்றது டாப்ல இருந்து வெளிய போறது, அதனால அங்க எச்டிபி (டிசி-ல வேகத்தைப் பங்கு போடற க்யூ முறை) வெச்சு க்யூ பண்ணலாம். விஎம்-ல இருந்து வெளிய போறது டாப்-க்கு உள்ள வர்றது, அங்க நேரடியா க்யூ பண்ண வழி இல்ல, இன்க்ரெஸ்ல போலீஸ் ஃபில்டர் போட்டு மிஞ்சினதைக் கீழ போடறதுதான். ஒரு பக்கம் காத்திருக்கும், ஒரு பக்கம் விழும். ரெண்டும் வேற வேற கோடு. ஒண்ணுக்கு எழுதின செக்கைக் காப்பி பண்ணி இன்னொண்ணுல ஒட்டி, உள்ள 'இன்'னை 'அவுட்'டா மாத்த மறந்ததை நான் என் கண்ணால பாத்திருக்கேன்.

ரெண்டாவது, வரிசை. எச்டிபி க்ளாஸ் (ரேட் எழுதற பிரிவு) போடறப்ப ரேட் இல்லாம குடுத்தா டிசி 'ரேட் வேணும்'னு திட்டி வெளிய வந்துடும். பூஜ்யம்னு குடுத்தாலும் அதே திட்டுதான். இப்ப யோசிங்க. உங்க ஏஜென்ட் முதல்ல பழசைத் துடைக்குது. அப்புறம் புதுசைப் போடுது. புதுசு பூஜ்யம், டிசி முடியாதுங்குது. ஏஜென்ட் எரர் குடுத்துட்டுத் திரும்பி வந்துடுச்சு, கஸ்டமருக்கு 'மாற்றம் தோல்வி'ன்னு காட்டுது. ஆனா பழைய லிமிட் ஏற்கெனவே போயாச்சு. 'தோல்வி'ன்னா எதுவும் மாறலன்னுதானே எல்லாரும் நெனப்பாங்க? அதனால எண் எல்லாத்தையும் முதல்ல சரிபாத்துட்டு, கடைசியாத்தான் டிவைஸ் மேல கை வெக்கணும். பாதில முறிஞ்சா பழசைத் திரும்ப வெக்க அதைக் கையில வெச்சிருக்கணும்.

மூணாவது, பர்ஸ்ட். ஆவரேஜ் எழுதியிருப்பாங்க, பர்ஸ்ட் எழுத மாட்டாங்க. முக்காவாசிப் பேர் எழுத மாட்டாங்க. அதுக்கு ரொம்பச் சின்ன எண்ணைப் போட்டு போலீஸ் ஃபில்டர்ல குடுத்தா விஎம் செத்த மாதிரிதான். டாப்ல வர்ற பாக்கெட் எல்லாம் 1500 பைட்னு நெனக்காதீங்க. ஆஃப்லோட் (பாக்கெட்டைத் துண்டாக்கற வேலையைக் கார்டுக்கு விடறது) இருந்தா 64 கிலோபைட் வரைக்கும் ஒரே துண்டா வரும். பர்ஸ்ட்டை விடப் பெரிய துண்டு உள்ளயே போகாது. பிங் போகும், எஸ்எஸ்எச் வரும், ஃபைல் காப்பி மட்டும் அப்படியே நிக்கும். கஸ்டமர் 'நெட் இருக்கு ஆனா இல்ல'ம்பார். லிப்வர்ட்ல அவுட்பவுண்டுக்கு பர்ஸ்ட் சொல்லலன்னா ஆவரேஜ் எண்ணையே பர்ஸ்ட்டா எடுத்துக்கும். அது யோசிச்சு வெச்ச இயல்பு மதிப்பு.

அலகையும் ஒரு தடவை பாத்துடுங்க. லிப்வர்ட் எக்ஸ்எம்எல்ல ஆவரேஜ் வினாடிக்குக் கிலோபைட். 1024னா சுமார் 8.2 மெகாபிட். டிசி-ல 'கேபிபிஎஸ்'னு எழுதினா அதுவும் கிலோபைட்தான், பிட் வேணும்னா 'கேபிட்'னு எழுதணும். வெளிய உலகம் முழுக்க கேபிபிஎஸ்-னா கிலோபிட்னு பழகிடுச்சு, இங்க எட்டு மடங்கு தப்பு ஆகிடும்.

தரமணி_மாணவி | சனி, மதியம் 12:10

அண்ணா, 'ஃப்ளோர்'னு ஒரு புலமும் இருக்கே. அது இல்லன்னா என்ன, இருந்தா என்ன?

அம்பத்தூர்_ரேக் | சனி, மதியம் 12:32

ஃப்ளோர்னா உத்தரவாதம் மா. இவ்ளோவுக்குக் கீழ போகாதுன்னு அந்தக் கார்டுக்குக் குடுக்கற வாக்கு. இன்பவுண்டுக்கு மட்டும்தான் உண்டு. இதுவும் நம்ம பேச்சுக்கு நேரா சம்பந்தப்பட்டது. கார்டுல ஃப்ளோர் போட்டிருக்கு, ஆனா அது சேர்ந்திருக்கற நெட்வொர்க்குக்கு மொத்தமா இன்பவுண்ட் லிமிட் எதுவும் போடலன்னா எதுல இருந்து பங்கு பிரிச்சு வாக்குக் குடுப்பீங்க? லிப்வர்ட் அங்க ஊகிக்காது. அந்த நெட்வொர்க்குக்கு இன்பவுண்ட் அமைப்பு இல்ல, ஃப்ளோர் செல்லாதுன்னு தெளிவா எரர் சொல்லி நிறுத்திடும். இது மாதிரி இடத்துல இயல்பு மதிப்பு போடறது தப்பு. இல்லன்னு சொல்லி நிக்கறதுதான் சரி.

பழைய_சி | சனி, மாலை 4:15

நல் செக் 'எங்கே' போடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மழை விட்டபாடில்லை, உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது.

நாம் இங்கே பேசும் டாப் டிவைஸை உண்டாக்கும் லினக்ஸ் கர்னல் டிரைவர், டன் என்று பெயர். 2009-ல், 2.6.30 கர்னலில், அதே டிரைவரில் ஒரு ஓட்டை வெளியானது. சிவிஇ-2009-1897 என்பது அதன் பதிவு எண். தரவு தயாரா என்று பார்க்கும் 'போல்' (poll) சார்பில் முதல் வரிகளில் ஒன்று டன் பாயிண்டருக்குள் போய் சாக்கெட்டை எடுக்கிறது. அதற்கடுத்து, டன் 'நல்' ஆக இருந்தால் பிழை என்று திரும்பு, என ஒரு செக். செக் இருக்கிறது! கோடைப் படிப்பவர் கண்ணுக்கு எல்லாம் பத்திரமாகத்தான் தெரியும். ஆனால் கம்பைலர் என்ன நினைத்தது தெரியுமா? 'இந்தப் பாயிண்டரை ஏற்கெனவே தொட்டாகிவிட்டது. ஆகவே இது நல்-ஆக இருக்கவே முடியாது. ஆகவே இந்தச் செக் வீண்.' ஆப்டிமைஸ் செய்யும்போது செக்கையே தூக்கி எறிந்துவிட்டது. சாதாரணமாகக் கர்னல் விழுவதோடு போயிருக்கும். செக் காணாமல் போனதால், பூஜ்ய முகவரியில் தன் பக்கத்தை மேப் செய்ய முடிந்தவர் கர்னல் அதிகாரத்தையே பிடிக்க வழி கிடைத்தது. அதற்குப் பிறகுதான் அந்த ஆப்டிமைசேஷனை நிறுத்தும் கம்பைலர் ஃப்ளாக்கோடு கர்னலைக் கம்பைல் செய்யும் வழக்கம் வந்தது.

எனவே 'எல்லா இடத்திலும் நல் செக் போட்டாச்சா' என்று உங்கள் மேனேஜர் எண்ணிக்கை கேட்டால், எண்ணிக்கை உதவாது என்று சொல்லுங்கள். அறிவிப்பு வரியிலேயே மதிப்பை எடுத்துவிட்டு அடுத்த வரியில் செக் போட்டிருக்கிறதா என்று உங்கள் கோட் முழுக்கத் தேடிப் பாருங்கள். சி-யில் மாறிகளை மேலேயே அறிவித்துப் பழகிய என் தலைமுறைக்காரர்கள் இதை அதிகம் செய்வோம்.

என் விருப்பம் இது. கன்ஃபிக் அல்லது ரிக்வெஸ்ட் உள்ளே நுழையும் ஒரே வாசலில், மேலே சொன்ன மூன்று பொருளில் எது என்று ஒருமுறை தீர்மானித்துவிடுங்கள். அதைக் கடந்து உள்ளே போகும் ஸ்ட்ரக்டில் சந்தேகமே இருக்கக் கூடாது. இன், அவுட் ஒவ்வொன்றும் 'வை', 'எடு', 'தொடாதே' என்ற மூன்றில் ஒன்று (குழுவின் வரம்பை எடுத்துக்கொள்வதும் அதன் எண்களோடு 'வை'தான்). 'வை' என்றால் மட்டும் எண்கள் இருக்கும். உள்ளே இருபது இடத்தில் இருபது பேர் தனித்தனியாக நல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

அம்பத்தூர்_ரேக் | சனி, மாலை 5:02

சார், ஒரு இடத்துல மட்டும் உங்களோட ஒத்துப் போக மாட்டேன். புது விஎம் வருது, கன்ஃபிக்ல எதுவும் இல்ல, பழசுன்னும் எதுவும் இல்ல. 'தொடாதே'ன்னா வரம்பே இல்லாம ஓடும். பத்து ஜிகாபிட் அப்லிங்க்ல நாப்பது பேர் இருக்காங்க. எழுத மறந்தவருக்கு முழு ரோடும் குடுக்க முடியாது. நான் ஒரு இயல்பு வரம்பு போடத்தான் சொல்வேன்.

பழைய_சி | சனி, மாலை 5:20

போடுங்கள், மறுக்கவில்லை. அந்த எண் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் என் சண்டை. ஏஜென்டின் சி கோடுக்குள் ஒருவர் 12800 என்று எழுதி வைத்தால், மூன்று வருடம் கழித்து அது ஏன் அந்த எண் என்று யாருக்கும் தெரியாது. கஸ்டமரின் வேகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கன்ஃபிக்கில் காட்ட இடமிருக்க வேண்டும். லிப்வர்டில் இதற்குத்தான் நெட்வொர்க் வரையறையில் போர்ட்குரூப் (பல கார்டுகளுக்குப் பொதுவான அமைப்பு) இருக்கிறது. கார்டுக்கென்று பேண்ட்வித் எதுவும் எழுதாவிட்டால் போர்ட்குரூப்பில் இருப்பது வரும்.

அதிலும் ஒரு நுணுக்கம். கார்டில் பேண்ட்வித் உறுப்பு இருந்து, அதில் அவுட்பவுண்ட் மட்டும் எழுதியிருந்தால், இன்பவுண்டைப் போர்ட்குரூப்பில் இருந்து எடுத்து நிரப்பாது. கார்டின் அமைப்பு முழுசாக ஜெயிக்கும். பாதி எழுதினால் மீதிப் பாதி மேலிருந்து வரும் என்று பலரும் நம்புகிறார்கள், வராது.

அம்பத்தூர்_ரேக் | சனி, மாலை 5:31

இது எனக்கே புதுசு சார். எங்க பக்கமும் அப்படிப் பாதி எழுதின கார்டு நிறைய இருக்கும். திங்கக்கிழமை ஒரு தடவை முழுக்க ஓட்டிப் பாக்கறேன். கன்ஃபிக்ல எழுதணும்ங்கறது சரி, அதுல சண்டை இல்ல.

மடிப்பாக்கம்_கோ | சனி, இரவு 8:48

க்ராஷ் லூப் பத்தி யாரும் சொல்லலையே. ஒரே ஒரு விஎம்-மோட தப்பான கன்ஃபிக்கால அந்த ஹோஸ்ட்ல இருந்த மத்த எல்லாருக்கும் வேலை நின்னுது, அது தனிப் பிரச்சினை. ஏஜென்ட் எழும்போது ஒவ்வொரு விஎம்-மையும் தனித்தனியாப் படிக்கட்டும். ஒண்ணு செல்லலன்னா அந்த விஎம் பேரு, கார்டோட மேக் அட்ரஸ், எந்தப் புலம்னு லாக்ல எழுதிட்டு, டிவைஸ்ல இருக்கறதை அப்படியே விட்டுட்டு அடுத்ததுக்குப் போகட்டும். அந்த எண்ணிக்கைக்கு ஒரு அலாரமும் வெச்சுடுங்க, இல்லன்னா லாக்ல எழுதினதை யாரும் படிக்க மாட்டாங்க.

பெருங்குடி_இரவு | ஞாயிறு, மாலை 6:40

எல்லாருக்கும் முதல்ல நன்றி. நேத்து ராத்திரி ஷிஃப்ட்ல உக்காந்து எழுதிட்டேன், இன்னிக்கு டெஸ்ட் ஹோஸ்ட்ல ஓட்டினேன்.

சார் சொன்ன மாதிரி வாசல்ல ஒரே இடம். உள்ள போறதுக்கு முன்னாடி 'வை, எடு, தொடாதே' முடிவாயிடும். டெஸ்டுக்கு ஒரு டேபிள் போட்டேன். இன் பக்கம் மூணு நிலை, அவுட் பக்கம் மூணு நிலை, ஒம்பது. வெளி ஸ்ட்ரக்டே வராத கேஸ் ஒண்ணு, பத்து. அதுக்கு முன்னாடி டிவைஸ்ல என்ன இருந்துதுன்னு நாலு: ரெண்டு பக்கமும் லிமிட், இன் மட்டும், அவுட் மட்டும், எதுவும் இல்ல. மொத்தம் 40. ஒவ்வொண்ணுக்கும் கடைசில டிசி என்ன காட்டணும்னு கையால எழுதி வெச்சுட்டு அப்புறம்தான் ஓட்டினேன்.

37 பாஸ். மூணு விழுந்துது. ரெண்டு என் டேபிள்லயே தப்பு. மூணாவது நெஜமான பக். ரெண்டு பக்கமும் 'எடு'ன்னு வந்தா, எங்க கோடு பழசைத் துடைச்சுட்டு, எச்டிபி ரூட்டை மட்டும் மறுபடி போட்டுட்டு, க்ளாஸ் போடாம வந்துடுது. டிராஃபிக் நிக்கல. டீஃபால்ட் க்ளாஸ் இல்லாததால எச்டிபி எல்லா பாக்கெட்டையும் வரம்பில்லாம நேரா அனுப்பிடுது, டைரக்ட் பாக்கெட் எண்ணிக்கை மட்டும் ஏறிட்டே இருந்துது. கஸ்டமருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா டிசி-ல பாக்கறவன் இந்த விஎம்-க்கு ஏதோ லிமிட் இருக்குன்னு நெனப்பான். அதையும் சரி பண்ணியாச்சு.

போர்ட்டல்ல அந்த டேக்கை எடுத்து பாயிண்டரா மாத்தினது இன்னொருத்தர், ரிவ்யூல இருக்கு. அது ஏறின பிறகுதான் ஏஜென்ட் ஏறணும். இந்த வரிசையை மேனேஜர்கிட்ட எழுத்துல குடுத்துட்டேன்.

பழைய_சி | ஞாயிறு, மாலை 7:02

வரிசையில் ஒன்று பாருங்கள் தம்பி. போர்ட்டல் முதலில் ஏறினால், பழைய ஏஜென்டுக்கு இதுவரை வராத வெளிப்படையான பூஜ்யம் வரத் தொடங்கும். பழைய ஏஜென்ட் அதைச் சரியாகத்தான் எடுத்துக்கொள்ளும், நீக்கிவிடும். ஆனால் கஸ்டமர் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் மற்ற பக்கத்துக்கு நில் போகும், அது ஜேசனில் 'நல்' என்ற சொல்லாகப் போகுமா, புலமே விடுபட்டுப் போகுமா? உங்கள் சி பார்சர் (ஜேசனைப் படிக்கும் பகுதி) இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறதா?

பெருங்குடி_இரவு | ஞாயிறு, மாலை 7:49

சார், நல்லவேளை கேட்டீங்க. டேக்கை மொத்தமா எடுத்ததால 'நல்'னு சொல்லாவே வந்துது. எங்க பார்சர் அதை எண்ணுன்னு நெனச்சுப் படிச்சு எரர் குடுத்துது. பாயிண்டர் ஆயிட்டதால இனி டேக் இருந்தாலும் பூஜ்யம் தொலையாது, நில் மட்டும்தான் விடுபடும். அதனால டேக்கைத் திரும்ப வெச்சாச்சு. பார்சர்லயும் 'நல்' சொல் வந்தா சொல்லாததுக்குச் சமம்னு சேத்துட்டேன். டேபிள்ல இன்னும் ரெண்டு வரிசை.

மடிப்பாக்கம்_கோ | ஞாயிறு, இரவு 8:10

ஆமா, பாயிண்டரோட ஆம்இட்எம்ப்டி இருந்தா நில்லைத்தான் விடும், பூஜ்யத்தைக் காட்டற பாயிண்டரை விடாது. நான் முதல் பதிவுலயே இதைச் சொல்லியிருக்கணும்.

தரமணி_மாணவி | ஞாயிறு, இரவு 9:25

அண்ணா, அந்த டேபிளை எங்க லேப்ல பயன்படுத்திக்கலாமா? உங்க கம்பெனி கோடு எதுவும் வேணாம், நிலைகள் மட்டும்.

பெருங்குடி_இரவு | ஞாயிறு, இரவு 9:31

தாராளமா எடுத்துக்கோங்க, நிலைகள்ல ரகசியம் எதுவும் இல்ல. நாளைக்கு டைப் பண்ணி இங்கயே போடறேன். ஓட்டும்போது வெளி ஸ்ட்ரக்டே வராத அந்தப் பத்தாவது வரிசையை மட்டும் விட்டுடாதீங்க. டேபிள் போடறப்ப நான் கடைசியாத்தான் அதைச் சேத்தேன்.